பயத்துக்குக் கொடுத்த சாவி

மாதம் பதினைந்தாம் தேதி சுலோச்சனாவுக்கு அடி விழும். குடும்பத் தலைவிகளுக்கு அரசாங்கம் தரும் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் அன்றுதான் அவள் வங்கிக் கணக்கில் ஏறும். ஏறியதும் போனில் செய்தி வந்து ஒரு சத்தம் எழும். பட்டினப்பாக்கத்துக் கடலோரம் சீனிவாசபுரத்தில் அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. அந்தச் சத்தம் அவள் புருஷன் பொன்னுரங்கத்துக்கும் கேட்கும். படுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டுவான். ஏ.டி.எம். கார்டைக் கொடுத்துவிட்டால் அடி இல்லை. கொடுக்காவிட்டால் முதலில் முடியைப் பிடிப்பான், பிறகு முதுகு, பிறகு கைக்கு எது அகப்படுகிறதோ அது.

ஒரு மாதம் போனின் சத்தத்தை அணைத்து வைத்துப் பார்த்தாள். அந்த மாதம் தேதியை வைத்து அடித்தான். மேல்வரிசையில் ஒரு பல் பாதியாக உடைந்தது ஒரு பொங்கல் சமயத்தில். பண்டிகைக்காகப் பணத்தை முன்கூட்டியே, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், போட்டுவிட்டார்கள். அவள் அரிசியும் வெல்லமும் வாங்கிவிட்டாள். அவன் பதினைந்தாம் தேதிவரை காத்திருந்து ஏமாந்தான். முழங்கையால் ஒரே இடி.

அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னா பொன்னு, துட்டு வந்துட்ச்சா?" என்று கேட்டார்கள்.

பொன்னுரங்கம் வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். குடித்துவிட்டு ஓட்டியதற்காக லைசென்ஸை முடக்கினார்கள். முடக்கிய காலம் முடிந்தும் வண்டி முதலாளிகள் யாரும் அவனிடம் சாவி கொடுக்கவில்லை. சுலோச்சனா ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு வீடும் மயிலாப்பூரில் ஒரு வீடும் பாத்திரம் தேய்த்து, ஒரே மகள் தமிழ்நிலாவைக் கல்லூரிக்கு அனுப்பினாள். தமிழ்நிலாவுக்கும் கல்லூரி மாணவிகளுக்கான உதவித்தொகை மாதாமாதம் வந்தது. அந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்பதைத் தாயும் மகளும் தூக்கத்தில்கூடச் சொல்லவில்லை.

ஆட்டோ விஷயத்தை முதலில் சொன்னவள் மயிலாப்பூர் வீட்டுக் கோமளம் மாமி.

"பேப்பர்ல போட்டிருக்கான்டி சுலோ. பொம்மனாட்டிகளுக்கு ரோஸ் கலர்ல ஆட்டோ தராளாம். பாதிப் பணம்போல கவர்மென்ட் குடுக்கறது, மீதி பேங்க் லோன். நீ ஓட்டிண்டு வந்தா நான் உன் வண்டியிலேயே கோயிலுக்குப் போயிண்டிருப்பேன்."

"அப்போ இந்தப் பாத்திரத்தையெல்லாம் யாரு மாமி தேய்ப்பாங்கோ?"

"அதைத்தான் யோசிக்கறேன்" என்றாள் மாமி.

யோசித்தாலும், விண்ணப்பம் எழுத உதவினாள். பயிற்சிக்குப் பெயர் வந்தது. ஆட்டோவில் இடது கைப்பிடிதான் கிளட்ச்சும் கியரும். பிடியை அழுத்தி, மணிக்கட்டைத் திருப்பி, மெல்ல விடவேண்டும். வெடுக்கென்று விட்டால் வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். முதல் வாரம் முழுதும் அவள் வண்டி துள்ளியது. கற்றுக்கொடுத்தவர் பொறுமையிழந்து, "கழுத்தைப் புடிக்கிற மாதிரி புடிக்காதீங்கம்மா, கையைப் புடிக்கிற மாதிரி புடிங்க" என்றார்.

"எங்க வூட்ல ரெண்டையும் ஒரே மாதிரிதான் சார் புடிப்பாங்கோ" என்றாள் சுலோச்சனா. பின்சீட்டில் முறைக்குக் காத்திருந்த ராயப்பேட்டை ஹாஜிரா பீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள்.

அந்த மாதங்களில் பொன்னுரங்கம் அவளைத் தொடவில்லை. பதினைந்தாம் தேதிகூடச் சும்மா இருந்தான். "உன் பேர்ல எடு. நான் ஓட்றேன். பேருன்னா இன்னா, பேருதானே" என்று அவன் சொன்னபோது அவள் தலையாட்டி வைத்தாள்.

வண்டி கொடுத்த அன்று மேடையில் நிபந்தனையை உரக்க வாசித்தார்கள். பெண் பெயரில் தரும் இந்த வண்டியைப் பெண்தான் ஓட்டவேண்டும். ஆண் ஓட்டினால் வண்டி திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற பொன்னுரங்கமும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினான். வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கேட்டான்.

"வாசிச்சாங்களே, கேக்கல?"

"அது ஊருக்கு வாசிக்கிறதுடி. இத்த யாரு வந்து பாக்கப்போறாங்கோ?"

அவள் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் அவள் தலையைச் சுவரில் மோதினான். வயிற்றில் உதைத்தான். ஆனால் தாலியில் கை வைக்கத் தயங்கினான். தாலியை அறுத்தவன் என்ற பேச்சு அந்தச் சந்தில் ஒட்டிக்கொண்டால் சாகும்வரை போகாது. எட்டும் தூரத்தில் இருந்த சாவியை அவன் மாதக்கணக்கில் அடித்தே கேட்டான். அவள் மாதக்கணக்கில் கொடுக்கவில்லை.

தெருவில் அவள் வேறு ஆள். மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில் செம்பியன் என்பவன்தான் பெரியவன் மாதிரி. முதல் நாளே அவள் வண்டியைப் பார்த்து, "இந்தாம்மா பஞ்சு முட்டாய், இங்கல்லாம் நிறுத்தாத" என்றான். அவள் நிறுத்தினாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டியின் கூரைத் துணி பிளேடால் நீளவாக்கில் கிழிந்து தொங்கியது. சுலோச்சனா சீட்டைத் தூக்கி வீல் ஸ்பேனரை எடுத்தாள். நடந்து போய்ச் செம்பியன் வண்டியின் ஹெட்லைட்டை உடைத்தாள். அவன் ஓடிவந்து கன்னத்தில் அறைந்தான். ஓங்கிய அந்தக் கையின் எலும்பிலேயே ஸ்பேனரை இறக்கினாள். அவன் தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான்.

"இன்னாம்மா இப்டி அடிச்சிட்ட" என்றான், கோபமில்லாமல்.

"கூரைத் துணி இன்னா வெல தெரியுமா?" என்றாள்.

அதன்பின் அந்த ஸ்டாண்டில் அவளை யாரும் தொடவில்லை. பேசவும் இல்லை. அதே நாள், ஸ்டாண்டில் சண்டை போட்டு மானத்தை வாங்கினாள் என்று பொன்னுரங்கம் அடித்தபோது, ஓர் ஆண்பிள்ளையின் கையைப் பெயர்த்த அதே பெண் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சுவரோரம் குந்தினாள். ஸ்பேனர் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. சந்தில் ஆட்டோக்களையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்ததும் கடைசிச் சடங்கு எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பழங்களை வைத்து, வண்டியை அவற்றின்மேல் ஏற்றி நசுக்கினால் கண்ணேறு போகும். அந்தச் சந்தின் பேச்சில் வாழைப்பழம் வாயப்பயம், எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பயம். சுருக்கிச் சொன்னால் வெறும் பயம்.

"பயத்தை நேரா வையி அண்ணே, உருண்டுகினே கீது" என்றான் பொன்னுரங்கத்தின் தம்பி விக்கி. அவன் கையில் போன், வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

சுலோச்சனா சீட்டில் ஏறப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி தடுத்தாள். "அடியே, நீ ஏத்தாத. ஆம்பள குத்துக்கல்லாட்டம் நிக்கசொல்லோ பொம்பள பயம் ஏத்தினா, அந்த ஆம்பளைக்கு ஆகாது."

அவளும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள். பொன்னுரங்கம் செத்தால் தேவலை என்று அவள் பல பதினைந்தாம் தேதிகளில் நினைத்ததுண்டு. நினைத்தவள் என்பதாலேயே அந்தப் பேச்சைத் தள்ள முடியவில்லை. நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வேண்டுமென்றே ஏற்றினாள் என்று இந்தச் சந்து முழுவதும் சொல்லும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் குளித்து வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு, குடிக்காமல் நின்றான். விக்கி, "அண்ணி, இந்தாண்ட பாரு, சிரி" என்றான். அவள் சிரித்துக்கொண்டே தாலிக்கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பயம் நசுங்கினதும் நிறுத்திடணும்" என்றாள்.

"சரி மகாராணி" என்றான்.

மூன்று பழமும் நசுங்கின. கைதட்டினார்கள். வண்டி நிற்கவில்லை. சந்தின் முனைவரை மெல்லப் போனது. அங்கே அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வண்டி கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்பி மறைந்தது. அவள் செருப்பில்லாமல் முனைவரை ஓடினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஒரு ரவுண்டு அட்ச்சிட்டு வந்துருவாரு அண்ணி. நல்ல நாளும் அதுவுமா, வுடேன்" என்றான் விக்கி.

உச்சிவெயில் ஆயிற்று. வரவில்லை. போன் எடுக்கவில்லை. சுலோச்சனா ஹாஜிரா பீயைக் கூப்பிட்டாள். ஹாஜிரா பீ தன் வண்டியோடு வந்து, அவள் முகத்தைப் பார்த்து, கதை கேட்காமல், "ஏறு மா" என்றாள். பண்டிகை நாளில் சவாரி எங்கே கொட்டும் என்பது ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். நேரே தியாகராய நகருக்குப் போனார்கள்.

மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழி ஜனத்தால் அடைத்திருந்தது. துணிக்கடைப் பைகளோடு வந்த கூட்டத்தின் நடுவில் வாழைக்கன்று கட்டிய இளஞ்சிவப்பு வண்டி நின்றது. பொன்னுரங்கம் சீட்டில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, "அடையாறு, மைலாப்பூரு, ஏறு, ஏறு" என்று கூவிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சுலோச்சனா குனிந்து நேராகச் சாவிக்குக் கை நீட்டினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவள் விடவில்லை. அவன் இன்னொரு கையால் பின்னந்தலையைப் பிடித்து, வண்டியின் இரும்புச் சட்டத்தில் அவள் நெற்றியை மோதினான், மறுபடி மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பார்வை சிவப்பாக இருக்கும்போதே, தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவன் கட்டைவிரலைக் கடித்தாள். பல் எலும்பில் படும்வரை கடித்தாள். அவன் அலறிக்கொண்டு இறங்கி அவள் விலாவில் உதைத்தான். பையோடு ஏறியவர்கள் பையை விட்டுவிட்டு இறங்கினார்கள். ஹாஜிரா பீ பொன்னுரங்கத்தின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, சட்டை கிழிந்து கையோடு வந்தது. கூட்டம் வட்டமாக விலகி நின்று பார்த்தது. பல கைகளில் போன் உயர்ந்தது.

போக்குவரத்துக் காவலர் வட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ரத்தத்தைப் பார்த்தார், வண்டியின் நிறத்தைப் பார்த்தார், வேட்டி கட்டிய ஆளைப் பார்த்தார்.

"யாருய்யா இந்த வண்டிய ஓட்டினது?"

"அவதான் சார்" என்றான் பொன்னுரங்கம் உடனே. கட்டைவிரலை வேட்டியில் சுற்றியிருந்தான். "என் பொண்டாட்டி. அவ பேர்ல கீற வண்டி. டீ சாப்ட எறங்குனா. நான் சும்மா குந்திகினு இருந்தேன். புருஷன் பொண்டாட்டி சண்ட சார், வேறொண்ணும் இல்ல."

காவலர் அவளிடம் திரும்பினார். "அப்படியாம்மா?"

பொன்னுரங்கம் அவள் காதருகே குனிந்தான். "சொல்லு சுலோ. வண்டி பூடும்."

அவன் அவள் பெயரை இவ்வளவு மெதுவாகச் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. ஒரு தலையாட்டல் போதும். வண்டி இங்கேயே நிற்கும். அவள் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் இன்று தலையாட்டினால் நாளைக்கும் அவன் எடுப்பான். நாளன்றைக்கும் எடுப்பான். ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் அவள் ஓடிவந்து தலையாட்டவேண்டும். பேரு என்பது பேருதானே என்று அவன் அன்றைக்குச் சொன்னது நிஜமாகிவிடும்.

"அவருதான் ஓட்னாரு சார்" என்றாள் சுலோச்சனா. "காலைலேர்ந்து அவருதான் ஓட்றாரு."

"போச்சுடா" என்று கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது.

வண்டியை எடுத்துப் போனார்கள். ஹாஜிரா பீ அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் புருவத்தில் தையல் போட வைத்தாள். வழியெல்லாம் திட்டினாள். "தலைய ஆட்டியிருந்தா வண்டி கையில இருக்கும். உனக்கு மண்டைல அடி பட்டதுல மூளை கலங்கிப்போச்சு மா."

"ஆட்டுனா வலிக்கும்னு ஆட்டல" என்றாள் சுலோச்சனா. தையல் போட்ட பக்கம் வீங்கியிருந்ததால் அவள் சிரித்தது பாதி முகத்தில்தான் தெரிந்தது.

பொன்னுரங்கத்தை எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இரண்டு நாள் தம்பி வீட்டில் படுத்துக் கிடந்தவன் மூன்றாம் நாள் காலை உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கையில் ஆட்டோவின் பழைய கிளட்ச் கேபிள். முறுக்கிய கம்பி, மேலுறை உரிந்தது. வண்டியை அவள் வாயாலேயே பிடித்துக் கொடுத்தாள் என்று சொல்லிச் சொல்லி வீசினான். முதுகில் பட்ட இடமெல்லாம் புடவை ஒட்டிக்கொண்டது. அவள் வழக்கம்போலச் சுவரோரம் குந்தினாள். கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தமிழ்நிலா நடுவில் புகுந்து கேபிளைப் பிடித்தாள். அவன் இழுத்தான். கம்பி அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது.

அதுவரை அவன் மகளைத் தொட்டதில்லை. ரத்தத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இன்னா நைனா நின்னுட்ட?" என்றாள் தமிழ்நிலா. "இது எழுதுற கை. இன்னொண்ணும் கீது, அத்தயும் அறுத்துடு."

அவன் கேபிளை மூலையில் எறிந்துவிட்டு வெளியே போனான். தமிழ்நிலா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, குந்தியிருந்த தாயைப் பார்த்துச் சொன்னாள்: "நீ தலைய மூடிகினு குந்துறத இனிமே நான் பாக்கமாட்டேன்மா. ஒண்ணு நீ எந்திரி, இல்ல நான் பூட்றேன்."

அடுத்த வாரம் வண்டி கொடுத்த அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஷண்முகப்ரியா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகாதவர். இளம்வயது, கண்டிப்பான முகம். மேசைமேல் இருந்த கணினியில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினார். விக்கி எடுத்து ஸ்டேட்டஸில் போட்டது, யாரோ அனுப்பிவிட்டிருந்தார்கள். வீடியோவில் சுலோச்சனா தாலிக்கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"நிபந்தனை தெரியுங்களா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் நீங்களேதான் சாவியக் குடுக்கறீங்க. சிரிச்சுட்டே குடுக்கறீங்க."

"படம் புடிச்சா சிரிப்போம் மேடம்."

"இத வெச்சு நான் வண்டிய ரத்துன்னுதான் எழுதோணும். வேற வழியில்லைங்க. எதுக்குக் குடுத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க."

சுலோச்சனா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வண்டி போனால் வங்கிக் கடன் மட்டும் தலைமேல் நிற்கும். வண்டியை நம்பிப் பாத்திரம் தேய்த்த வீடுகளையும் விட்டாயிற்று. நடந்ததை நடந்தபடி சொல்வதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

"பயத்துக்குத்தான் மேடம் குடுத்தேன்" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஷண்முகப்ரியா நிமிர்ந்தார். புருவத்துத் தையலை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். குரல் இறங்கியது.

"எத்தனை நாளா இப்படி?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து மேடம். அவரு வாடக வண்டி ஓட்டசொல்லோவும் இதேதான்."

"அக்கம்பக்கத்துல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"அவுங்கோ இன்னா சொல்லுவாங்கோ? எங்க சந்துல எல்லா வூட்லயும் இதான் வயக்கம். அன்னிக்கும் பக்கத்து வூட்டம்மாதான் சொல்லிச்சு, ஆம்பள நிக்கசொல்லோ நீ இத்த செய்யாதன்னு. நான் அதுக்கு மட்டுந்தான் மேடம் குடுத்தேன். அவரு அப்டியே ஓட்டிகினு பூட்டாரு."

ஷண்முகப்ரியா புதுக் காகிதம் ஒன்றை எடுத்தார். பிறகு வேகமாக எழுதினார். எழுதி முடித்து, வாக்குமூலத்தை வாசித்துக் காட்டவேண்டும் என்பதால் வாசித்தார்.

"என் கணவர் மீதுள்ள பயத்தின் காரணமாகவே சாவியைக் கொடுத்தேன். திருமணமான நாளிலிருந்து இதே நிலைதான். நாங்கள் வசிக்கும் பகுதியில் எல்லா வீடுகளிலும் இதுவே வழக்கம். அக்கம்பக்கத்தினரும் ஆண்களை மீறக்கூடாது என்றே சொன்னார்கள். அதன்பின் அவர் என் சம்மதமின்றி வண்டியை ஓட்டிச் சென்றார்." காகிதத்தைத் தாழ்த்தினார். "சரிதானுங்களே?"

சுலோச்சனாவுக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. "ஐயோ மேடம், நான் எலுமிச்ச..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க."

வாசித்ததை மனத்துக்குள் ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் பார்த்தாள். தான் சொன்னது வேறு. ஆனால் எந்த வரியைப் பொய் என்று காட்டுவது என்று தெரியவில்லை. எலும்பை உடைத்த கை வீட்டில் ஏன் தலையை மூடிக்கொண்டது என்பது இந்த அம்மாளின் கையெழுத்தில், அவள் பேசாத எழுத்துத் தமிழில், முதல் வரியாக இருந்தது.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். "சரிதான்."

கையெழுத்துப் போட்டாள்.

முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு வண்டியை விடச் சொன்னார். இன்னொரு முறை நடந்தால் விசாரணையே இல்லை என்றார். வாக்குமூலத்தின் நகலை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் அனுப்பினார். அங்கிருந்து அன்றே பொன்னுரங்கத்துக்குப் போன் போனது.

சுலோச்சனா வண்டியை எடுத்துக்கொண்டு சீனிவாசபுரத்துக்கு வந்தது மகளையும் துணிமணிகளையும் ஏற்றிப்போக. ஹாஜிரா பீ தன் வீட்டு மாடியில் ஓர் அறை பேசி வைத்திருந்தாள். சந்துக்குள் பாதி தூரம் நுழைந்தபோது பொன்னுரங்கம் எதிரே வந்து நின்றான். பின்னால் விக்கி. மாலை வெயில், வாசல்களிலெல்லாம் ஆட்கள்.

"பயத்துக்குக் குடுத்துட்டு, பயந்துகினு குடுத்தேன்னா எழுதி வச்சிட்டு வந்த?" என்று கத்தினான். "கேட்டுக்கோங்கடா. நான் பயங்காட்டுறவனாம். ஸ்டேஷன்ல கூப்ட்டு, பொண்டாட்டிய பயங்காட்டுவியான்னு கேக்குறாங்கோ. எலுமிச்சம்பயம் மேடம்ன்னா, நக்கலா பண்றன்னு ஒரு அறை வுட்டாங்கோ."

யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். அதுதான் அவனைக் கிளப்பிவிட்டது. தரையில் கிடந்த பாதிச் செங்கல்லை எடுத்து வீசினான். முன்கண்ணாடி நட்சத்திரமாக விரிந்து உள்ளே கொட்டியது. ஒரு சில்லு அவள் கன்னத்தில் குத்தி நின்றது. அவள் கைகள் தலையை நோக்கி எழுந்தன. பாதியில் நின்றன. திரும்ப இறங்கிக் கைப்பிடிகளைப் பிடித்தன.

"எறங்குடி."

அவள் இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை.

"எறங்கமாட்ட? அப்போ ஏத்து. ஏத்தினு போ." அவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே மண்ணில் மல்லாந்து படுத்தான். கைகளை விரித்தான். "என்ன சாவடிக்கத்தானே எழுதிக் குடுத்த? வா. ஏத்து."

விக்கி, "அண்ணி, வேணா அண்ணி" என்றான். ஆனால் பக்கத்தில் வரவில்லை.

சுலோச்சனா கிளட்ச்சை அழுத்தி முதல் கியர் போட்டாள். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. டயர் அவன் விலாவைத் தொட்டது. தோல் சுருங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான், வயிற்றை எக்கிக்கொண்டான். இடது கையை வெடுக்கென்று விட்டால் போதும். வண்டி துள்ளும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கை விட நினைத்தது. நினைத்த கையை அவள் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

தமிழ்நிலா வீட்டிலிருந்து இரண்டு பைகளோடு வந்தாள். கட்டுப்போட்ட கையால் ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். கீழே கிடந்த தகப்பனைத் தாண்டாமல், சுவரோரமாகச் சுற்றி வந்து பின்சீட்டில் ஏறினாள்.

"போலாம்மா" என்றாள்.

சந்து குறுகல். வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. சுலோச்சனா ரிவர்ஸ் லிவரைத் தூக்கினாள். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே, அத்தனை வாசல்களின் நடுவே, ஒரு சுவரிலும் உரசாமல், மெல்லப் பின்னோக்கிப் போனாள். கன்னத்தில் குத்திய சில்லை எடுக்கவில்லை. முனைக்கு வந்ததும் ஹாரன் அடித்தாள். வண்டி சாலைக்குத் திரும்பியது.

பொன்னுரங்கம் கைகளை விரித்தபடியே கிடந்தான். விக்கி அருகில் வந்து குந்தினான்.

"அண்ணே, எந்திரி. வண்டி பூட்ச்சி."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.